இடது தோள்

தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன். குடம் உடைக்கிற விஷயத்தில் அதற்கு மேல் பேச்சில்லை.

ஐயாசாமிக்கு இரண்டு மகன்கள். இளையவன் செல்வா. மூத்தவன் மகேஸ்வரன். அவனுடைய இடது தோள் நிற்காது.

நிற்காது என்றால், கழன்றுவிடும். சட்டையைக் கழற்றும்போது கழலும். தூக்கத்தில் புரண்டால் கழலும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிறபோது டிரைவர் பிரேக் போட்டால் முடிந்தது. தரையில் உட்கார்ந்து, முழங்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, மெல்லப் பின்னால் சாய்வான். எலும்பு தன் குழியைத் தேடிப்போய் உட்காரும். இதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. சின்ன வயதில் தானாகக் கண்டுபிடித்தான். தோள் மட்டுமல்ல, முட்டி, மணிக்கட்டு, கட்டைவிரல், தாடை. கழலாத நேரத்தில் வலிக்கும். கழன்று உட்கார்ந்தபின் அதைவிட வலிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பார்க்கிறவர்களுக்கு ஆள் திடமாகத்தான் இருப்பான்.

நாற்பதை நெருங்கும்போதுதான் ஜொகூர் பாருவில் ஒரு டாக்டர் அதற்குப் பெயர் சொன்னாள். எலும்பையும் தசையையும் தோலையும் சேர்த்துப் பிடித்திருக்கிற இழை அவனுக்குப் பிறவியிலேயே தளர்ந்தது. மருந்து கிடையாது. பார்த்து நடந்துகொள்ள வேண்டியதுதான். அவன் கட்டைவிரலை வளைத்து முன்கையில் தொட வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா?" என்று கேட்டாள். இது பெரும்பாலும் தாய்வழியோ தகப்பன்வழியோ வருவது என்றாள்.

அன்று சாயங்காலமே பாலோவில் இருக்கிற அப்பா வீட்டுக்குப் போன் போட்டான். அம்மா எடுத்தாள். கேள்வியைக் கேட்டதும் போன் அப்பாவின் கைக்குப் போனது.

"நம்ம வம்சத்துல அந்த மாதிரி ஒருத்தனும் கெடையாது" என்றார் ஐயாசாமி. "என்னவாம்? பசை இல்லையாமா? ஹார்ட்வேர் கடையில நல்ல பசை விக்கிறான். வாங்கி ஒட்டிக்க."

பக்கத்தில் சித்தப்பா வீரமுத்து சிரிப்பது கேட்டது. மகேஸ்வரனும் சிரித்தான். பழக்கம்.

நடிகர் என்பது ஊரில் அவனுக்குப் பெயர். மூன்றாம் வகுப்பில், தமிழ்ப்பள்ளி விளையாட்டு நாளில், கயிறு இழுக்கும் போட்டியில் தோள் கழன்று மைதானத்தில் விழுந்து அலறினான். எஸ்டேட்டிலிருந்து அப்பா சைக்கிளில் வந்து சேர்வதற்குள் அது தானாகவே உள்ளே போய்விட்டது. அவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். ஐயாசாமி அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "எம்மவன் நல்லா நடிக்கிறான். சினிமாவுல சேத்துவிடலாம்." எல்லாரும் சிரித்தார்கள். பெயர் நின்றுவிட்டது. எஸ்டேட் கைமாறிப் பாதிப் பேர் தாமான் குடியிருப்புக்கும் மீதிப் பேர் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் பிரிந்த பிறகும் பெயர் பிரியவில்லை.

மகேஸ்வரன் சிகாமட்டில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். இடக்கைக்காரன். எள்ளளவு திருகாணியைக் கவ்வி எடுக்கிற கை அது. போன அக்டோபரில் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கும்போது தோள் கழன்றது. முழங்காலைக் கட்டிக்கொண்டு சாய்ந்து பார்த்தான். போகவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் முறை வரும்வரை அது வெளியேயே கிடந்தது. உள்ளே தள்ளிய பிறகு கை வேலை செய்யவில்லை. மூன்று வாரம் ஈரத்துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்து, பிறகு ஒவ்வொரு விரலாக உயிர் வந்தது. நரம்பு இழுபட்டிருக்கிறது என்றார்கள். இன்னொரு தரம் இப்படி ஆனால் கை திரும்பி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள்.

இதையெல்லாம் அவன் மனைவி சாந்தினி பக்கத்திலிருந்து கேட்டிருந்தாள். அதனால்தான் மாமனார் செத்த சேதி வந்து, கடையை மூடி, காரில் ஏறி, சிகாமட் தாண்டியதும் முதல் வார்த்தையாக அதையே சொன்னாள்.

"குடத்தை செல்வா தூக்கட்டும்."

அவன் வெளியே செம்பனைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க அப்பா எழுந்து வந்து பாக்கப் போறதில்ல" என்றாள்.

"மத்தவங்க பாப்பாங்க."

"பாத்தா?"

"மூணு சுத்து சாந்தி. ஒரே தரம். அதுக்கப்புறம் எவனும் வாயத் தெறக்க முடியாது."

"கை போச்சுன்னா?"

அவள் ரேடியோவைப் போட்டாள். உடனே அணைத்தாள்.

வீட்டு வாசலில் நீலக் கூடாரம் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே, கூடத்தில், ஐயாசாமி பெட்டியில் கிடந்தார். முழுக்கைச் சட்டை. எந்த வெயிலிலும் அவர் அரைக்கை போட்டதில்லை. தலைமாட்டில் அம்மா சந்திரமதி, நிறைய பூவும் கண்ணாடி வளையலுமாக உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு அதெல்லாம் இருக்காது. மகேஸ்வரனைப் பார்த்ததும் அழவில்லை. பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தாள்.

"வந்துட்டியா நடிகரே" என்று வீரமுத்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். கேலியில்லை. அவருக்கு வேறு பெயர் வாயில் வராது. "போயிட்டான்டா எங்கண்ணன். ஒரு நாள் உடம்புக்கு முடியலேன்னு படுத்ததில்ல. காலைல காப்பி கேட்டிருக்கான், அண்ணி போட்டுக் கொண்டாறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. சாவுன்னா அப்படி சாவணும்." கட்டிக்கொண்டதில் இடது தோள் லேசாக நழுவி மறுபடி உட்கார்ந்தது. மகேஸ்வரன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் அடக்கம். காலையில் சடங்கு செய்கிற பண்டாரம் கனகராஜ் வேனில் சாமான்களோடு வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். பாலோ, பெக்கோக் வட்டாரத்தில் எந்தச் சாவும் அவர் இல்லாமல் நகராது. ஒரு காதில் ப்ளூடூத் மாட்டியிருந்தார். சாந்தினி அவரைச் சமையலறைப் பக்கம் மடக்கினாள்.

"குடத்த வலது தோள்ல வைக்கலாமாண்ணே?"

"வலது நல்ல காரியத்துக்கும்மா. இதுக்கு இடதுதான்."

"அப்ப தம்பி செய்யலாமா?"

"மூத்தவர் இல்லேன்னா செய்யலாம். அவர்தான் இருக்காரே." கனகராஜ் மகேஸ்வரனைத் திரும்பிப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை. "கை கால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

சாந்தினி வாயைத் திறந்தாள். மகேஸ்வரன் முந்திக்கொண்டான். "நான் செய்றேண்ணே."

செல்வா பின்வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. இரவோடு இரவாக மோட்டார் சைக்கிளில் வந்தவன், கண் இரத்தமாக இருந்தது.

"அண்ணே, நான் தூக்கறேன் லா. யாரு என்ன சொல்லப் போறா?"

"சித்தப்பா சொல்வாரு."

"அவரு சொல்லாட்டிதான் கவலப்படணும். போன வருசம் என் கல்யாணத்துல மாப்பிள்ளை நான், என்னையே சாப்பாட்டுப் பந்தியிலருந்து எழுப்பிவிட்டாரு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "உன் இஷ்டம். ஆனா பாத்து."

முதலில் நீர்மாலை. செத்தவரைக் குளிப்பாட்ட மகன்கள் போய்த் தண்ணீர் எடுத்து வர வேண்டும். அந்தக் காலத்தில் ஆற்றுக்குப் போனார்கள். இப்போது தாமான் கடைசியில், மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற குழாய். மகேஸ்வரனும் செல்வாவும் வெற்று மார்போடு வேட்டி கட்டிக்கொண்டு நடந்தார்கள். தலைக்குமேல் நாலு பேர் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து வந்தார்கள். முன்னால் உறுமி மேளம். கனகராஜ் குழாயில் பித்தளைக் குடத்தை நிரப்பி, மஞ்சள் தடவி, பூ சுற்றி, மகேஸ்வரனின் இடது தோளில் வைத்தார்.

கனம் பெரிதில்லை. கையை மேலே தூக்கிக் குடத்தின் கழுத்தைப் பிடித்திருப்பதுதான் கஷ்டம். அந்த நிலையில் எலும்பைப் பிடித்து நிறுத்த அவனுக்கு உள்ளே ஒன்றுமில்லை. தசையை இறுக்கி, தாடையை இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தான். வழியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. வீடு தெரிந்தது. வாசலில் கால்வாய்மேல் போட்ட சிமெண்டுப் பலகை. அதைத் தாண்டி, கூடாரத்தின் தாழ்ந்த விளிம்புக்குக் கீழே தலையைக் குனிந்தான். குனிந்தபோது குடம் பின்னால் சாய்ந்தது. கை குடத்தோடு போனது.

தோள் கழன்ற சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்டது குடம் விழுந்த சத்தம். தண்ணீர் நாற்காலிகளுக்கு அடியில் ஓடியது. மேளம் நின்றது. "அலமாக்" என்று யாரோ சொன்னார்கள். மகேஸ்வரன் சிமெண்டுப் பலகைமேல் உட்கார்ந்திருந்தான். அலறவில்லை. அலறாமல் இருப்பதற்கே முழு உடம்பும் வேண்டியிருந்தது.

"ஆரம்பிச்சுட்டான்" என்றார் வீரமுத்து. "பெத்த தகப்பன் பொணமா கெடக்கறான். இன்னிக்குமாடா?"

முழங்காலைக் கட்டிக்கொள்ளப் பார்த்தான். ஈர வேட்டி வழுக்கியது. தசை இறுகிப் பூட்டிக்கொண்டது. விரல் நுனியில் எறும்பு ஊர ஆரம்பித்தது. அக்டோபரிலும் இப்படித்தான் ஆரம்பித்தது. சாந்தினி கார் சாவியைத் தேடி உள்ளே ஓடினாள்.

அப்போது கூடத்திலிருந்து சந்திரமதி வெளியே வந்தாள். "அண்ணி, நீங்க வெளிய வரக்கூடாது" என்று இரண்டு பெண்கள் புடவையைப் பிடித்தார்கள். இழுத்துக்கொண்டே வந்தாள். மகன் எதிரில் ஈரச் சிமெண்டில் உட்கார்ந்தாள். அவன் தோளைத் தொட்டுச் சாய்த்துப் படுக்க வைத்தாள். தன் குதிகாலை அவன் அக்குளில் வைத்தாள். இரண்டு கையாலும் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். பலமாக இல்லை, விடாமல். பிறகு இறுகிய போத்தல் மூடியைத் திருகுகிற மாதிரி, கையை மெல்ல வெளிப்பக்கம் திருப்பினாள்.

எலும்பு உள்ளே போனது.

வளையல் ஒன்று உடைந்து அவள் மணிக்கட்டில் கீறியிருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"எழுந்திரு" என்றாள்.

மகேஸ்வரன் எழுந்திருக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கே வலிக்கிறது என்று அவள் கேட்கவில்லை. எலும்பு எங்கே கிடக்கிறது என்று தடவிப் பார்க்கவில்லை. கைக்கு வழி தெரிந்திருந்தது.

செல்வா வேறு குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனான். மேளம் பின்னால் போனது. சந்திரமதி மூத்தவனை வீட்டின் பின்னறைக்குக் கூட்டிப்போனாள். சாந்தினி சாவியைப் பிடித்தபடி கூடவே வந்தாள். அலமாரியின் அடியில், பழைய பாய்க்குப் பின்னாலிருந்து, சந்திரமதி ஒரு துணிச் சுருளை எடுத்தாள். பழைய கைலியை நீளமாகக் கிழித்து, ஓரம் தைத்தது. துவைத்துத் துவைத்து நிறம் போயிருந்தது. அவன் தோளில் ஒரு சுற்று, மார்புக்குக் குறுக்கே, வலது அக்குளுக்குக் கீழே, முதுகு வழியாக மறுபடி தோளுக்கு. ஒவ்வொரு சுற்றுக்கும் முழங்காலை அவன் விலாவில் ஊன்றி இழுத்து இறுக்கினாள்.

"எங்க கத்துக்கிட்டம்மா?"

துணி நுனி அவள் பல்லில் இருந்தது. விட்ட பிறகு சொன்னாள். "அப்பாவுக்கு."

வெளியே யாரோ காப்பிக்குச் சீனி கேட்டார்கள்.

"எப்பலருந்து?"

"கல்யாணம் ஆனதுலருந்து. ரப்பர் பால்மரம் வெட்டறப்போ எப்பவாவதுதான். செம்பனைக்கு மாத்தினப்புறம் வாரம் தப்பாது. கோலத் தூக்கிக் குலைய அறுக்கணும் இல்ல, மேல பாத்துக்கிட்டே."

"எந்தத் தோள்?"

"ரெண்டும். முட்டியும். தாடை ஒரு தரம். கல்யாண வீட்ல, சாப்பிடறப்போ."

"நாங்க யாரும் பாத்ததில்லையே."

"வேலை வாங்கற மண்டோருக்குத் தெரிஞ்சா வேலை போயிரும். வீடும் போயிரும், எஸ்டேட்டு வீடுதானே. குளிக்கிற எடத்துல பைப்பத் தெறந்துவிட்டு உள்ள தள்ளுவேன். சத்தம் வெளிய கேக்காது. அவரு கத்தமாட்டாரு."

அடுத்த சுற்றை இறுக்கினாள். மகேஸ்வரனுக்கு மூச்சு முட்டியது.

"நான் நடிக்கிறேன்னு அவரு சொன்னப்பல்லாம் நீ பக்கத்துலதாம்மா இருந்த."

"இருந்தேன்."

"டாக்டர் கேக்கச் சொன்னாங்கன்னு போன் போட்டேன். நீதான் எடுத்த."

"ம்."

சாந்தினியால் பொறுக்க முடியவில்லை. "அத்தை, மாமாவுக்கு இது என்னன்னு தெரியும். தெரிஞ்சே சொன்னாரா?"

சந்திரமதி முடிச்சைப் போட்டாள். இரண்டாவது முடிச்சையும் போட்டாள். "கத்திப் பழகிட்டான்னா ஒரு நாளும் வேலைக்கு ஆகமாட்டான்னு சொல்வாரு" என்றாள். "அவரு அப்படித்தான் நெனச்சாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அவள் குரலில் வருத்தம் இருக்கிறதா என்று மகேஸ்வரன் தேடினான். இல்லை. மறைக்கவும் இல்லை. இந்த வலியை ஒரே ஓர் ஆள் நம்பினால் போதும், மீதியைத் தாங்கிக்கொள்ளலாம் என்று அவன் இத்தனை வருஷம் நினைத்திருந்தான். ஓர் ஆள் முதலிலிருந்தே நம்பியிருக்கிறாள். இரண்டு பேர் நம்பியிருக்கிறார்கள். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

"சரி" என்றாள் சாந்தினி. நிதானமாகப் பேசினாள். "இப்ப எல்லாரும் பாத்துட்டாங்க. நீங்களே கையால உள்ள தள்ளினீங்க. இனி யாரும் நடிப்புன்னு சொல்லமாட்டாங்க. குடத்த செல்வா தூக்கட்டும் அத்தை. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

மகேஸ்வரனும் அதைத்தான் எதிர்பார்த்தான். அந்தக் கணத்தில் அவனுக்குக் குடம் வேண்டாமாக இருந்தது. அம்மா சொன்னால் விட்டுவிடலாம்.

"இவன்தான் செய்யணும்" என்றாள் சந்திரமதி. "அதுக்குத்தானே கட்டியிருக்கேன்."

"அத்தை..."

"இந்தக் கட்டோடதான் அவரு முப்பது வருஷம் குலை அறுத்தாரு." மகனைப் பார்த்தாள். கோபமில்லை. உப்பை எடு என்று கேட்கிற குரல். "மூணு சுத்து. உன்னால முடியாதா?"

ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துக் கட்டின்மேல் போர்த்தினாள். "வெளிய தெரிய வேணாம்" என்று சொல்லி, கூடத்துக்கு, பெட்டியின் தலைமாட்டுக்குத் திரும்பிப் போனாள்.

சாந்தினி அவன் கையைப் பிடித்தாள். "விரல் நல்லாருக்கா?"

சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்துப்போயிருந்தன. "நல்லாருக்கு" என்றான்.

ஐயாசாமியைக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, மறுபடி முழுக்கைச் சட்டை போட்டார்கள். பேரப்பிள்ளைகள் இல்லாததால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தன. பெண்கள் சந்திரமதியைச் சுற்றிக்கொண்டார்கள். மகேஸ்வரன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இடுகாடு செம்பனைத் தோட்டத்தைத் தாண்டி. காலையில் மழை பெய்திருந்தது. வேன் சக்கரம் சிவப்பு மண்ணில் புதைந்து இரண்டு இடத்தில் தள்ள வேண்டியிருந்தது. வீரமுத்து மகேஸ்வரனைத் தள்ளக் கூப்பிட்டார், பிறகு துண்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் தானே தள்ளினார். பெண்கள் ரோட்டிலேயே நின்றுவிட்டார்கள். சாந்தினி மட்டும் கம்பி வேலிவரைக்கும் வந்தாள்.

குழிக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தார்கள். கனகராஜ் மண்குடத்தில் தண்ணீர் நிரப்பி மகேஸ்வரனின் இடது தோளில் ஏற்றினார். பித்தளைக் குடத்தைவிடக் கனம். மகேஸ்வரன் கையைத் தூக்கி அதன் விளிம்பைப் பிடித்தான். கட்டு நன்றாகப் பிடித்தது. எலும்பு அசையவில்லை. அம்மாவின் கை பொய் சொல்லவில்லை.

முதல் சுற்று. கனகராஜ் பின்னால் வந்து கத்தி முனையால் குடத்தைக் கொத்தினார். ஓட்டையிலிருந்து தண்ணீர் அவன் முதுகில் அடித்தது. கட்டு நனைந்தது. நனைந்த துணி இறுகியது.

எலும்பை நிறுத்துகிற கட்டு அது. நரம்பைப் பற்றி அதற்குத் தெரியாது. ஐயாசாமிக்கு நரம்பு இழுபட்டிருக்கிறது என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. அவர் டாக்டரிடம் போனதில்லை. இரண்டாவது சுற்றில் மகேஸ்வரனின் நடுவிரல் போனது. பிறகு ஆள்காட்டி விரல். தோளில் ஈட்டி இறக்கியது மாதிரி இருந்த வலி முழங்கைவரை வந்து நின்றது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. குடத்தைக் கீழே வைத்துவிடலாம் என்று நினைத்தான். செல்வா இரண்டடி தள்ளி வந்துகொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் வாங்கிக்கொள்வான். கனகராஜ் மறுபடி கொத்தினார். மகேஸ்வரன் சொல்லவில்லை.

மூன்றாவது சுற்றில், தன் கை குடத்தைப் பிடித்திருக்கிறதா என்பதே அவனுக்குத் தெரியவில்லை. முதுகில் தண்ணீர் ஓடுவதை வைத்துத்தான் குடம் இன்னும் இருக்கிறது என்று தெரிந்தது. வேலியோரம் சாந்தினி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. சேற்றில் கால் பதித்துப் பதித்துத் தலைமாட்டுக்கு வந்து நின்றான்.

"திரும்பிப் பாக்காம பின்னால விடுங்க" என்றார் கனகராஜ்.

குடத்தை விடும்படி கையிடம் சொன்னான். குடம் விழுந்தது. அவன் விட்டானா, அதுவாக விழுந்ததா, அவனுக்கே தெரியாது. விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. உடைய வேண்டிய மாதிரி உடைந்தது.

வீரமுத்து ஓடிவந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். அழுதுகொண்டிருந்தார். "அப்பன் பேரக் காப்பாத்திட்டடா மகேசு. அப்படியே எங்கண்ணன் நடக்கற மாதிரி நடந்த. இனிமே எவன்டா உன்ன நடிகன்னு சொல்றது? எவன் சொல்றான் பாக்கறேன்." சுற்றி நின்ற ஆண்கள் தலையாட்டினார்கள். இரண்டு பேர் முதுகில் தட்டினார்கள். அவன் இதைத்தான் கேட்டிருந்தான். கிடைத்துவிட்டது.

திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். நடந்தான். வேலியைத் தாண்டியதும் சாந்தினி துண்டை இழுத்து எறிந்தாள்.

"விரல மடக்குங்க."

கையைப் பார்த்தான். கை தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். ஈரத்தில் இறுகி நகம் நுழையவில்லை. பின்னால் வந்த கனகராஜிடம் கையை நீட்டினாள். "கத்தியக் குடுங்கண்ணே."

"இது குடம் கொத்தின கத்திம்மா. உசுரோட இருக்கற ஆள்மேல வைக்கக்கூடாது."

அவர் கையிலிருந்தே பிடுங்கினாள். முடிச்சுக்குக் கீழே கத்தியை நுழைத்து அறுத்தாள். கட்டு சுருள் சுருளாகக் கழன்று சேற்றில் விழுந்தது. தோல்மேல் அதன் தடம் ஊதாவாக இருந்தது. சாந்தினி அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கிள்ளினாள். நகத்தை அழுத்திக் கிள்ளினாள். அவன் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கார எடுக்கறேன்" என்றாள். "குளுவாங் ஆஸ்பத்திரி."

வீரமுத்து குறுக்கே வந்தார். "எங்க போறீங்க? வீட்டுக்குப் போய்க் காலக் கழுவி, வெளக்கப் பாத்துட்டுத்தான் வேற எங்கயும் போகணும். கொள்ளிக்குடம் தூக்கினவன் நேரா ஆஸ்பத்திரிக்குப் போவானா?"

"கை போயிருச்சு சித்தப்பா" என்றான் மகேஸ்வரன்.

வீரமுத்து கையைப் பார்த்தார். வெட்டில்லை, இரத்தமில்லை, வீக்கமில்லை. ஐந்து விரலும் இருந்தன. அவர் முகத்தில் சற்றுமுன் இருந்த பெருமை மெல்ல வடிந்தது.

"இப்பத்தானேடா உன்னப் பத்தி நல்லதா நாலு வார்த்தை பேசினேன்" என்றார்.

செல்வா அவரைத் தோளில் பிடித்து ஓரமாகத் தள்ளினான். "நீ போண்ணே. வீட்ல நான் பாத்துக்கறேன்." கார்க்கதவைத் திறந்துவிட்டான்.

சாந்தினி ஓட்டினாள். கார் மண்பாதையில் குலுங்கியபோதெல்லாம் இடது கை மடியிலிருந்து நழுவியது. மகேஸ்வரன் அதை வலது கையால் எடுத்து எடுத்து மடியில் வைத்தான். பாதை தார் ரோட்டில் ஏறியது. இடது பக்கம் வீட்டுக்கு, வலது பக்கம் குளுவாங்குக்கு. அவள் வலது பக்கம் திருப்பினாள்.

"வலிக்குதா?" என்றாள்.

"தோள் வலிக்குது."

"கை?"

அவன் கையைப் பார்த்தான்.

"இல்ல" என்றான்.

முன்னால் போன செம்பனை லாரியைத் தாண்டுவதற்கு ரோட்டின் நடுக்கோட்டுக்கு மேல் ஏறினாள்.